பாட்டியின் சாவுக்கு 650 சொற்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து ஈஸிசேரில் சாய்ந்திருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி ஒரு நோட்டும் பேனாவுமாக வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"தாத்தா, பாட்டி கடைசி மூணு மாசம் எப்படி இருந்தாங்கன்னு கொஞ்சம் சொல்றீங்களா? டயாலிசிஸ் ரூம் எப்படி இருக்கும், என்ன வாசனை வரும், பாட்டி என்ன பேசுனாங்க, அந்த மாதிரி."

"எதுக்கும்மா?"

"காலேஜ் எஸ்ஸேக்கு."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. என் மனைவி போய்ச் சேர்ந்து நான்கு வருடம் முடிந்துவிட்டது. அந்த மூன்று மாதத்தைப் பற்றி நான் என் மகளிடம்கூட உட்கார்ந்து பேசியதில்லை. இப்போது அதை ஒரு கல்லூரிக்கு எழுதி அனுப்பப் போகிறார்களாம்.

இந்தப் பதிவு கொஞ்சம் கோபத்தோடு எழுதப்படுகிறது. வழக்கமாக ஆவடி பழைய கதை, பென்ஷன் கதை என்று படிக்க வரும் நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டிலும் பேரனோ பேத்தியோ இதே கேள்வியோடு வந்து உட்காரப் போகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நம் காலத்தில் கல்லூரி விண்ணப்பம் என்றால் பெயர், தகப்பனார் பெயர், மதிப்பெண், சாதிச் சான்று, இரண்டு புகைப்படம். அவ்வளவுதான். அமெரிக்காவில் அப்படி இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகளுக்குச் சேர்த்து 'காமன் ஆப்' என்று ஒரு பொது விண்ணப்பம் வைத்திருக்கிறார்கள். அதில் மாணவர் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். 250 சொல்லுக்குக் குறையக்கூடாது, 650 சொல்லைத் தாண்டக்கூடாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வேறு கணக்கு: எட்டு கேள்விகளில் நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் பதில். இங்கேயும் அசோகா போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடு கட்டுரை கேட்கின்றன. ஆகவே இது அமெரிக்கா போகிற நாலு பேர் சமாச்சாரம் என்று தள்ளிவிட முடியாது.

கட்டுரை கேட்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தக் கட்டுரைக்குப் பொருள் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதில்தான் ஆட்சேபணை.

என் மகளும் மாப்பிள்ளையும் அண்ணா நகரில் ஒரு ஆலோசகரிடம் பணம் கட்டியிருக்கிறார்கள். எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார்கள். நான் ஓய்வு பெற்றபோது வாங்கிய கடைசிச் சம்பளத்தில் பல மாதச் சம்பளம். அந்த ஆலோசகர் பேத்தியோடு ஒரு மணி நேரம் பேசி, அவள் வாழ்க்கையில் 'காயம்' எங்கே இருக்கிறது என்று தேடியிருக்கிறார். அப்பா குடிக்கிறாரா? இல்லை. பெற்றோருக்குள் சண்டை? பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டில் வறுமை? நடுத்தரம். உடல்நலக் குறைவு? அவளுக்கு இல்லை. நெருங்கியவர்கள் மரணம்? பாட்டி. "அதுதான்! அதை எழுது" என்று சொல்லிவிட்டார். பேத்தி தானாக எழுத நினைத்திருந்த ஒரு விஷயத்தை, "சின்ன விஷயம், இதில் போராட்டமே இல்லை" என்று அடித்துவிட்டாராம். அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

நான் 1972-இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து 2008-இல் ஓய்வு பெற்றவன். அந்த 36 வருடத்தில் பெரும்பகுதி என் மேசைக்கு வந்தவை மனுக்கள்தான். பட்டா மனு, உதவித்தொகை மனு, குடிநீர் மனு, வாரிசு மனு. ஆகையால் அடுத்தவர் துன்பத்தைத் தாளில் படிப்பது என்ற விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு என்று கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்கிறேன்.

தாலுகா அலுவலகங்களுக்கு வெளியே மரத்தடியில் ஒரு ஸ்டூல், ஒரு மேசை, ஒரு பழைய டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருப்பாரே மனு எழுதுபவர், நினைவிருக்கிறதா? கிராமத்திலிருந்து வருகிறவர் வாயைத் திறப்பதற்குள் அவர் பாதி மனுவை அடித்து முடித்திருப்பார். "ஐயா, நான் மிகவும் ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவள். எனக்கு ஆதரவு யாரும் இல்லை. கருணை கூர்ந்து..." எல்லா மனுவும் இப்படித்தான் தொடங்கும். ஒரு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நூறு மனு வந்தால் எண்பதில் இதே மூன்று வரி. பாவம், அவர்கள் சொன்னது பொய் இல்லை. உண்மையிலேயே ஏழைகள்தான். ஆனால் பத்தாவது மனுவுக்கு மேல் எங்கள் கண் அந்த வரிகளைத் தாண்டிக் குதித்துவிடும். சர்வே எண் எங்கே, தேதி எங்கே என்று தேடும். உண்மையான துயரத்தை எல்லோருக்கும் பொதுவான வரியில் எழுதியதால் அதைப் படிக்க ஆளில்லாமல் போனது. இது எங்கள் கல்நெஞ்சம் என்று வேண்டுமானால் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு நூறு மனு படித்த எவருக்கும் அதுதான் நடக்கும்.

ஆனால் ஒரு மனு இன்றும் நினைவில் இருக்கிறது. பேரனின் நோட்டிலிருந்து கிழித்த தாளில், யாரோ ஒரு பாட்டி சொல்லச் சொல்ல அந்தப் பையன் எழுதியது. வீட்டுக்குப் பின்னால் மின்கம்பம் சாய்ந்து முருங்கை மரத்தின் மேல் நிற்கிறது, மரத்தை வெட்டினால் கம்பம் வீட்டின் மேல் விழும், வெட்டாமல் விட்டால் அடுத்த மழைக்கு மரமே முறியும், நான் என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாள். ஏழை என்று ஒரு வார்த்தை இல்லை. ஆதரவு இல்லை என்று ஒரு வார்த்தை இல்லை. தாசில்தார் படித்துவிட்டுச் சிரித்தார். அன்றைக்கே மின்வாரியத்துக்குப் போன் போட்டார்.

அண்ணா நகர் ஆலோசகர் நம் மரத்தடி மனு எழுதுபவர்தான். ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிறார், கட்டணம் கூட. மரத்தடிக்காரராவது வந்தவரிடம் "உன் வீட்டில் யார் செத்தார்கள்" என்று தோண்டித் துருவிக் கேட்டதில்லை.

"துயரத்தைச் சொல்லி உதவி கேட்பதில் என்ன தப்பு, அரசாங்கமே அப்படித்தானே கொடுக்கிறது?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கருணை அடிப்படையில் பணி நியமனம் பார்க்கும் பிரிவிலும் நான் இருந்திருக்கிறேன். பணியில் இருக்கும்போது ஊழியர் இறந்துபோனால் வாரிசு மூன்று வருடத்துக்குள் விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, குடும்பத்தின் வறிய நிலைக்குச் சான்று. புருஷனை இழந்த இருபத்தெட்டு வயதுப் பெண் எதிரே நிற்பாள். அவளிடம் நாங்கள் கேட்டது சான்றுகளை. "அவர் இறந்த அன்றைக்கு அறையில் என்ன வாசனை வந்தது? அந்த இழப்பு உன்னை எப்படி வளர்த்தது?" என்று எந்தக் கல்நெஞ்சு குமாஸ்தாவும் கேட்டதில்லை. துயரத்துக்குப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பினால் போதும். அழகாக நிரப்ப வேண்டியதில்லை. பக்கத்து விண்ணப்பத்தில் இருக்கும் துயரத்தைவிடத் தன் துயரம் உயர்ந்தது என்று காட்ட வேண்டியதில்லை.

காமன் ஆப் விண்ணப்பத்திலும் அப்படி ஒரு கட்டம் இருக்கத்தான் செய்கிறது. குடும்பத்தில் நோய், சாவு, வேலை இழப்பு என்று படிப்பைப் பாதித்த சூழ்நிலைகள் இருந்தால் சொல்வதற்குக் கட்டுரைக்கு வெளியே தனியாக இடம் கொடுத்திருக்கிறார்கள். கட்டுரையின் ஏழு தலைப்புகளையும் பேத்தியிடம் வாங்கி வரி வரியாகப் படித்தேன். பழைய அரசாணை படித்த கண். ஏழில் ஒன்றே ஒன்றுதான் தடை, தோல்வி, பின்னடைவு பற்றிக் கேட்கிறது. இன்னொன்று, எந்த விஷயத்தில் மூழ்கினால் உனக்கு நேரம் போவதே தெரியாது என்று கேட்கிறது. ஏழாவது, உனக்கு இஷ்டமான எதை வேண்டுமானாலும் எழுது என்கிறது. ஆகக் காயத்தைக் காட்டு என்று விண்ணப்பம் கட்டளையிடவில்லை. நடுவில் இருப்பவர்கள் அப்படிப் படித்துக் காட்டுகிறார்கள்.

காயம் இல்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்? இதையும் யோசிக்க வேண்டும். 2018-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை, லூசியானா மாநிலத்தில் ஒரு சிறிய தனியார் பள்ளியைப் பற்றி எழுதியது. கறுப்பின மாணவர்களைப் பெரிய பல்கலைக்கழகங்களில் சேர்த்துப் பெயர் வாங்கிய பள்ளி. மதிப்பெண் பட்டியலைத் திருத்தியது மட்டுமல்ல, விண்ணப்பங்களில் பிள்ளைகளின் வறுமைக் கதைகளையும் இட்டுக்கட்டி எழுதினார்கள் என்பது செய்தி. நம் நாட்டுப் பையன் ஒருவன் அதற்கும் மேலே போனான். பென்சில்வேனியாவில் இருக்கும் லீஹை பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு 2023-இல் சேர்ந்தவன். தன் அப்பா இறந்துவிட்டதாகப் பொய்யாக இறப்புச் சான்றிதழ் தயாரித்துக் கொடுத்திருந்தான். அப்பா இந்தியாவில் உயிரோடு இருந்தார். அவனே பெயர் சொல்லாமல் இணையத்தில் எழுதிய ஒரு பெருமையால் பிடிபட்டு, 2024-இல் கைதாகி, குற்றத்தை ஒப்புக்கொண்டு, படிப்பும் போய் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று.

அந்தப் பையன் செய்தது குற்றம். சந்தேகமில்லை. ஆனால் வீட்டில் ஒரு சாவு இருந்தால் விலை கூடும் என்ற எண்ணம் ஒரு பத்தொன்பது வயதுப் பையனுக்கு எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டாமா? இல்லாத சாவைக் கண்டுபிடிக்கிறவன் திருடன். இருக்கும் சாவைத் தோண்டி எடுத்துக் கொடு என்கிறவர் ஆலோசகர். சரக்கு ஒன்றுதான்.

"அப்படியானால் மதிப்பெண்ணை மட்டும் பார்க்கச் சொல்கிறீரா?" என்று எதிர்க்கேள்வி வரும். மதிப்பெண்ணுக்கு வெளியே ஆளைப் பார்க்கிறேன் என்று சொன்னபோதெல்லாம் என்ன நடந்தது என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். நம் மாநிலத்திலேயே 1970-71 மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத்துக்கு மட்டும் 75 மதிப்பெண் இருந்தது. பரீட்சையில் நிறைய வாங்கியவர்களுக்கு நேர்முகத்தில் குறைவாகவும், பரீட்சையில் குறைந்தவர்களுக்கு நேர்முகத்தில் தாராளமாகவும் விழுந்தது. பெரியகருப்பன் வழக்கு என்று அது உச்ச நீதிமன்றம் வரை போய், மதிப்பெண் போட்ட முறை தவறு என்று தீர்ப்பானது. எங்கள் தலைமுறையில் எத்தனையோ பேருக்கு இந்தக் கதை தெரியும்.

அமெரிக்காவிலும் இது தொடங்கிய விதம் அழகானது அல்ல. 1920-களில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் மூன்றும், பரீட்சையை மட்டும் பார்த்தால் யூதப் பிள்ளைகள் நிறைய வந்துவிடுகிறார்கள் என்று கண்டு, 'குணநலம்', 'ஆளுமை' என்று புதிய அளவுகோல்களைக் கொண்டுவந்தன. ஜெரோம் காராபெல் என்ற சமூகவியல் பேராசிரியர் 2005-இல் இதைப் பற்றியே ஒரு தடித்த புத்தகம் எழுதியிருக்கிறார். வெளியே நிறுத்துவதற்காக வந்த கருவி பிற்காலத்தில் உள்ளே அழைப்பதற்கும் பயன்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தபோதும், இனம் தன் வாழ்க்கையை எப்படித் தொட்டது என்று மாணவர் கட்டுரையில் எழுதினால் அதைப் பார்க்கத் தடையில்லை என்றது. ஒரு கறுப்பினப் பிள்ளைக்கு அந்தக் கட்டுரை ஒன்றுதான் திறந்திருக்கும் சன்னல். அதை மூடு என்று நான் சொல்ல மாட்டேன். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் நம் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். மதிப்பெண்ணில் தெரியாத ஆள் எழுத்தில் தெரியட்டும்.

ஆனால் தெரிய வேண்டியது அந்த ஆள். அந்த ஆளின் காயம் அல்ல.

இதை நான் என் பன்னிரண்டாவது வயதில் ஒரு பிரெஞ்சு வகுப்பில் கற்றுக்கொண்டேன். நான் புதுச்சேரியில் பிறந்து பதினைந்து வயது வரை பிரெஞ்சு வழியில் படித்தவன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். அப்பா காலமான பிறகுதான் பட்டாபிராமில் மாமா வீட்டுக்கு வந்து, தமிழில் மறுபடி எஸ்.எஸ்.எல்.சி. எழுதினேன். புதுச்சேரியில் வாரா வாரம் 'ரெதாக்சியோன்' உண்டு. தலைப்பு கொடுத்து ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். ஒரு வாரம் தலைப்பு: உங்கள் பாட்டி.

எனக்குப் பாட்டி இருந்தாள். முத்தியால்பேட்டையில், எங்களோடேயே. ஆனால் பாடப் புத்தகத்தில் இருந்த பாட்டி வேறு. அவள் கணப்படுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கம்பளி பின்னுவாள், சன்னலுக்கு வெளியே பனி கொட்டும், மடியில் பூனை தூங்கும். பிரெஞ்சில் எழுதினால் பாட்டி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, அப்படியே எழுதிக் கொடுத்தேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆசிரியர் என் பேப்பரைக் கையில் எடுத்து, வகுப்பு முன்னால், "இல் நேஜ் ஷே வூ?" என்றார். உங்கள் வீட்டில் பனி பெய்கிறதா? வகுப்பே சிரித்தது. இருபதுக்கு நான்கு.

மறுபடி எழுதிக் கொண்டு வரச் சொன்னார். அந்தத் தடவை, என் ஆயா சின்ன உரலில் வெற்றிலை இடிப்பதை எழுதினேன். கோபமாக இருந்தால் எப்படி இடிப்பாள், அடுத்த வீட்டுக் கதை கேட்கும்போது எப்படி நிறுத்தி நிறுத்தி இடிப்பாள், அந்தச் சத்தத்தை வைத்தே நாங்கள் காசு கேட்கலாமா கூடாதா என்று எப்படி முடிவு செய்வோம் என்று எழுதினேன். வெற்றிலை இடிக்கும் உரலுக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது என்று தெரியாமல் திண்டாடினேன். மூன்று பிழை. இருபதுக்குப் பதினான்கு.

இன்றைக்கு ஆலோசகர்கள் எழுத வைக்கும் துயரம் அந்தப் பனிதான். பிள்ளைக்குச் சொந்தமில்லாத, எங்கோ மாதிரிக் கட்டுரையில் பெய்த பனி. மருத்துவமனை வாசனை, கையைப் பிடித்துச் சொன்ன கடைசி வார்த்தை, "அன்றுதான் நான் டாக்டராக முடிவெடுத்தேன்" என்ற கடைசி வரி. சேக்காட்டில் எங்கே ஐயா பனி பெய்கிறது?

கட்டுரை என்ற வடிவத்துக்கே தகப்பனார் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். மொந்தேன். 1580-இல் முதல் இரண்டு தொகுதிகளை வெளியிட்டு 'எஸ்ஸே' என்று பெயர் வைத்தார். முயற்சி, சோதித்துப் பார்த்தல் என்று பொருள். தன்னைப் பற்றித்தான் எழுதினார். அவருக்கு ஆறு பெண் குழந்தைகள் பிறந்து ஒன்றுதான் பிழைத்தது. உயிர்த் தோழனை இளம் வயதிலேயே இழந்தார். சிறுநீரகக் கல் அவரை வருடக்கணக்கில் வதைத்தது. துக்கத்துக்குப் பஞ்சமில்லாத வாழ்க்கை. எழுதவும் செய்தார், மறைக்கவில்லை. ஆனால் குழந்தைகள் செத்ததைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு, கட்டைவிரலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வாசனைகளைப் பற்றி ஒன்று, தூக்கத்தைப் பற்றி ஒன்று. நானூறு வருடம் கழித்துப் படிக்கிறவனுக்கும் அந்த ஆள் எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கிறது. இந்தக் கால ஆலோசகரிடம் போயிருந்தால், கட்டைவிரலை அடித்துவிட்டுக் குழந்தைகளை எழுதச் சொல்லியிருப்பார்.

நம் பக்கத்தில் உ.வே.சாமிநாதையர். அவருடைய 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு அவர் பட்ட வறுமை தெரியும். 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் போய்ப் பார்த்தார். முதலியார் கேட்டது ஒரே மாதிரியான கேள்விதான்: என்ன படித்திருக்கிறீர்கள்? ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று அடுக்கினார். முதலியார் அசரவில்லை. அதற்கு முந்திய பழைய நூல்கள் படித்ததுண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணியின் பெயரை எடுத்தார். அந்தக் கேள்வியிலிருந்துதான் நமக்குச் சிந்தாமணியும் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் அச்சில் கிடைத்தன. உங்கள் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லுங்கள் என்று முதலியார் ஆரம்பித்திருந்தால் ஐயரிடம் அதற்கும் நிறையப் பதில் இருந்திருக்கும். ஆனால் சிந்தாமணி வந்திருக்காது.

இன்றைக்கும் இப்படிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கான யூகாஸ் விண்ணப்பத்தில் முன்பு 4,000 எழுத்துக்குள் ஒரே கட்டுரை. 2026 சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்வியாகப் பிரித்துவிட்டார்கள்: இந்தப் பாடம் ஏன், அதற்கு உன் படிப்பு உன்னை எப்படித் தயார் செய்தது, படிப்புக்கு வெளியே வேறென்ன செய்தாய். பிரான்சில் 2018 முதல் நடக்கும் பார்க்கூர்சூப் முறையிலும் ஏன் இந்தப் படிப்பு என்றுதான் 1,500 எழுத்துக்குள் கேட்கிறார்கள். இவற்றிலும் பொய் எழுதலாம், காசு கொடுத்து எழுதி வாங்கலாம். ஆனால் பாட்டியை எரித்த இடம் வரை யாரும் வர மாட்டார்கள்.

பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். அவளாக எழுத நினைத்து, ஆலோசகர் அடித்துவிட்ட அந்தச் 'சின்ன விஷயம்' என்ன என்று கேட்டேன். முதலில் வெட்கப்பட்டாள். பிறகு உள்ளே போய் ஒரு பழைய அரைக்குயர் நோட்டைக் கொண்டு வந்தாள்.

பட்டாபிராம் ரயில்வே கேட் நம் ஆட்களுக்கு மறக்காது. மேம்பாலம் வருவதற்கு முன்னால் சி.டி.எச். சாலையில் அந்த கேட்டில் நாம் கழித்த நேரத்தைக் கூட்டினால் ஆளுக்கு ஒரு பட்டம் வாங்கியிருக்கலாம். மிலிட்டரி சைடிங் போகும் ரயிலுக்காகக் கேட்டை மூடிவிட்டால் இரண்டு பக்கமும் பஸ், லாரி, ஷேர் ஆட்டோ, டேங்க் ஃபேக்டரி ஷிப்டு விட்டு வரும் சைக்கிள்கள். நான் அவளை டி.வி.எஸ். வண்டியில் பின்னால் உட்கார வைத்து டியூஷனுக்குக் கூட்டிப் போன காலம். அப்போது அவளுக்குப் பத்து வயது. போரடிக்கிறது என்று என் கைக்கடிகாரத்தை வாங்கி, கேட் மூடிய நேரம், ரயில் வந்த நேரம், திறந்த நேரம், திறந்த பிறகு கூட்டம் கலைய எத்தனை நிமிடம் என்று எழுத ஆரம்பித்தாள். ஒன்றரை வருடம் எழுதியிருக்கிறாள்! கேட் மூடியிருந்த நேரத்தைவிட, திறந்த பிறகு கூட்டம் கலையத்தான் அதிக நேரம் ஆகிறது என்று பத்து வயதில் கண்டுபிடித்து, ஏன் என்று கேட்டு என்னைத் தொளைத்தெடுத்தது எனக்கு மறந்தே போயிருந்தது. கேட் திறப்பதற்குள் எதிர் வரிசைக்காரன் இந்தப் பக்கத்து ரோட்டையும் அடைத்துக்கொள்கிறான், அதனால்தான் என்று அவளே பதிலும் எழுதி வைத்திருக்கிறாள், படம் போட்டு. இன்றைக்கு அவள் படிக்க விரும்புவது புள்ளியியல்.

"இதை எழுது" என்றேன். "பாட்டியை விட்டுடு. பாட்டி இதுக்கெல்லாம் இல்ல."

அப்போது அவள் சொன்னது என்னை அடக்கிவிட்டது. "தாத்தா, அவங்க எனக்கும் பாட்டிதானே?"

நோட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். திருநின்றவூர்ப் பக்கம் டயாலிசிஸுக்கு என் மனைவியை ஆட்டோவில் கூட்டிப் போன ஒரு நாள். பேத்தியும் உடன் வந்திருக்கிறாள். மற்ற எல்லா நாளையும் போலவே நேரம் எழுதியிருந்தது. மூடியது 10.42, திறந்தது 10.53. பக்கத்தில் பென்சிலில்: 'பாட்டியோட. 11 நிமிஷம்.' அவ்வளவுதான்.

நான் பேசாமல் இருந்தேன். கோபத்தில் நான் செய்ய இருந்ததும் ஆலோசகர் செய்ததும் ஒன்றேதான். அவர் இதை எழுது என்றார். நான் இதை எழுதாதே என்றேன். எது அவளுடையது என்று முடிவு செய்யும் உரிமையை இருவருமே அவளிடமிருந்து பிடுங்கப் பார்த்தோம். ஒரு பிள்ளை தானாகத் தன் துயரத்தை எழுத நினைத்தால், அதைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. என் மனைவி எனக்கு மட்டும் சொந்தமான கோப்பு அல்ல. நான் எதிர்ப்பது ஆர்டர் கொடுத்து எழுத வைப்பதை.

மறுநாள் மகளையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்துப் பேசினேன். மாப்பிள்ளை, "மாமா, அவங்க அனுபவசாலிங்க, ரிஸ்க் எடுக்க வேணாம். உதவித்தொகை கிடைக்கலைன்னா நம்மால கட்ட முடியாது" என்றார். நியாயமான பயம். அவர் இடத்தில் இருந்தால் நானும் பயந்திருப்பேன். "கேட் நோட்டை எழுதி இடம் கிடைக்காமப் போனா யார் பொறுப்பு?" என்று மகள் கேட்டாள். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. இடம் கிடைக்கும் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. ஆனால் ஒன்று சொன்னேன்: பாட்டியை எழுதியும் இடம் கிடைக்கவில்லை என்றால், அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? என் பாட்டியின் சாவு போதுமான தரத்தில் இல்லை என்று ஒரு கல்லூரி திருப்பி அனுப்பிவிட்டது என்று நினைக்காதா? கேட் நோட்டைத் திருப்பி அனுப்பினால் ஒரு நோட்டு திரும்பி வரும். அவ்வளவுதான்.

பேத்தி கேட்டைப் பற்றித்தான் எழுதினாள். ஆலோசகருக்குத் திருப்தி இல்லை. எனக்குப் படித்துக் காட்டினாள். அந்த 11 நிமிடம் உள்ளே இருக்கிறது, ஒரே ஒரு வரியாக, மற்ற நாட்களுக்கு நடுவில். அது இருக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. விண்ணப்பம் போய்விட்டது. முடிவு இன்னும் வரவில்லை.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேரப்பிள்ளைகள் கேட்டால் குடும்பக் கதைகளைச் சொல்லுங்கள். சாவையும் நோயையும் கடனையும் மறைக்காதீர்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆனால் கட்டுரைக்கு எதை எழுதலாம் என்று கேட்டால், உடனே துக்கத்தைத் தேடாதீர்கள். நீ பத்து வயதில் யாரும் சொல்லாமல் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுப் பரணில் ஏதாவது ஒரு நோட்டு இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்ட கேள்விக்கு, விண்ணப்பம் போன பிறகு ஒரு நாள் பதில் சொன்னேன். கடைசி மூன்று மாதம் முழுவதும். இருவரும் அழுதோம். அவள் கையில் நோட்டும் இல்லை, பேனாவும் இல்லை.